கம்பைநல்லூர் வந்த நிழற்கோல்

ஆனி மாதம் உச்சிப்பொழுதில் தமிழ்நாட்டுக் கம்பைநல்லூரில் ஒரு மீட்டர் கோலை நட்டுப் பாருங்கள். நிழல் சுமார் 20 செ.மீ. நீளத்துக்குத் தெற்கே விழும். சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போயிருக்கும். மார்கழியில் அதே கோலின் நிழல் வடக்கே 70 செ.மீ.க்கு மேல் நீளும். சூரியனின் போக்குவரவை இப்படி அளக்கும் கோல், ஊர் ஊராகக் கைமாறி வந்த கருவி.

பாபிலோனியர் ‘முல் அபின்’ களிமண் பலகைகளில் நிழலளவுகளை அட்டவணையாகவே எழுதி வைத்தார்கள். கிரேக்கருக்குக் கோல் அவர்களிடமிருந்துதான் வந்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். ரோமானியருக்கோ அது போரில் கிடைத்தது. கி.மு. 263-இல் சிசிலியின் கட்டானாவை வென்ற தளபதி வலேரியஸ் மெசல்லா, அங்கிருந்த நிழற்கடிகாரத்தைப் பெயர்த்து வந்து ரோம் நகர மன்றத்தில் நிறுத்தினார். கட்டானா நான்கு பாகைக்கு மேல் தெற்கே உள்ள ஊர். அதன் கோடுகள் ரோமுக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் 99 ஆண்டுகள் ரோம் அந்தத் தப்பான நேரத்தையே பார்த்து நடந்தது என்று பிளினி பதிந்திருக்கிறார்.

கோலை எங்கும் கொண்டுபோகலாம், அளவைக் கொண்டுபோக முடியாது. நம் நாட்டிலும் இதே கதைதான். ஆஷாட மாத நண்பகலில் நிழலே இருக்காது என்கிறது அர்த்தசாஸ்திரம். உஜ்ஜயினிப் பக்கம் அது சரி. கம்பைநல்லூரில் நிழல் காலடியில் ஒடுங்குவது ஏப்ரல் 22 வாக்கிலும் ஆகஸ்ட் 20 வாக்கிலும், ஆண்டுக்கு இருமுறை. கடிகாரத்தில் அப்போது மணி 12 அல்ல, ஏறக்குறைய 12.15.

இந்தச் சிக்கலை நம் வானியலார் அழகாகத் தீர்த்தார்கள். 12 விரற்கடை உயரக் கோலை நட்டு, பகலும் இரவும் சமமாகும் நாளில் உச்சிநிழலை அந்தந்த ஊரிலேயே அளக்கச் சொன்னார்கள். கம்பைநல்லூருக்கு அது சுமார் 2.6 விரற்கடை. இந்த ஓர் எண் போதும். ஊரின் அட்சரேகையும் எந்த நாளின் பகல் நீளமும் கணக்கில் வந்துவிடும். இந்த எளிமை எனக்கு இன்றும் பெரும் வியப்பு.

தமிழ்நாட்டில் கோலுக்கு வீடு கட்டும் வேலையும் இருந்தது. நெடுநல்வாடையில் அரண்மனைக்குத் திசை குறிப்பது கோல் நிழலைக் கொண்டுதான். கோலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, காலையில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் மாலையில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கயிறு பிடித்து இணைத்தால் கிழக்கு மேற்கு கிடைத்துவிடும் என்பது சிற்ப நூல்கள் சொல்லும் வழி.

நம் கணக்கு கிழக்கேயும் போனது. 718-இல் சீனத் தலைநகர் சாங்ஆனில், இந்திய வம்சாவளியினரான கௌதம சித்தர் நம் வானியல் கணக்குகளைச் சீன மொழியில் பெயர்த்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, யீ ஷிங் என்ற பௌத்தத் துறவியின் திட்டப்படி, இன்றைய வியட்நாம் தொடங்கி வடக்கே வெகுதூரம்வரை எட்டடிக் கோல்கள் நடப்பட்டன. ஆயிரம் லீ தூரத்துக்கு நிழல் ஓர் அங்குலம் மாறும் என்ற சீனரின் பழைய விதி அதோடு உடைந்தது. வியட்நாமில் கோடைநிழல், கம்பைநல்லூரில் விழுவதுபோலவே, தெற்கே விழுந்திருந்தது.

கடைசியாக ஒரு பிரெஞ்சுக்காரர். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க 1768-இல் புதுச்சேரி வந்தார் லெ ஜான்தீல். மறு ஆண்டு ஜூனில், சரியாக அந்த நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. ஆனால் காத்திருந்த மாதங்களில் அவர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதரிடம் நிழல் கணக்கும் கிரகணக் கணக்கும் கற்றிருந்தார். ஊர் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாக எண்ணி உறவினர் சொத்துக்கு வந்து நின்றார்கள். வெள்ளி அவருக்குக் கிடைக்கவில்லை; தமிழர் கணக்கு பாரிஸில் அச்சேறியது.