அளவு ஜாக்கெட் முதல் முத்திரை மாதிரி வரை: திருமுல்லைவாயில் வட்டாரத்தில் அளவு ஆடை

முன்பே தைத்து உடலுக்குப் பொருந்திய ஓர் ஆடையைக் கொண்டு, புதிய ஆடைக்கான வெட்டு வடிவத்தை எடுப்பது தையல் தொழிலின் பழைய முறைகளுள் ஒன்று. இப்படிப் பயன்படும் ஆடையைத் தமிழ்நாட்டில் ‘அளவு ஜாக்கெட்’, ‘அளவுச் சட்டை’ என்பர். சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள திருமுல்லைவாயில் வட்டாரத்தில் இம்முறை மூன்று நிலைகளில் காணப்படுகிறது. வீட்டுத் தையல் ஒன்று. ஆவடியின் படைச் சீருடைத் தயாரிப்பு இரண்டாவது. அம்பத்தூரின் ஏற்றுமதி ஆடைத் தயாரிப்பு மூன்றாவது. எந்த ஆடையைச் சரியான அளவாகக் கொள்வது, அதை முடிவு செய்பவர் யார் என்பதில் இம்மூன்றும் வேறுபடுகின்றன.

அளவு நாடாவுக்கு முன்

எண்கள் பொறித்த அளவு நாடா 19ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பியத் தையற்காரர்களிடையே பரவலானது. அதற்கு முன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக ஒரு தோல் அல்லது காகிதப் பட்டை இருந்தது. தோள், மார்பு, கை ஆகியவற்றின் நீளங்களை அதில் வெட்டுக் குறிகளாகப் பதித்து வைத்தனர். ஒருவருக்குரிய பட்டை இன்னொருவருக்குப் பயன்படாது. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் 1580இல் வெளிவந்த ஹுவான் தே அல்சேகாவின் நூல், வெட்டு வடிவங்களை அச்சிட்ட தொடக்ககால நூல்களுள் ஒன்று. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் 1863இல் பல அளவுகளில் காகித வடிவங்களை விற்கத் தொடங்கினார். வீட்டில் தைப்பவர் தம் அளவுக்குரிய உறையை வாங்கி, அதன்படி துணியை வெட்டும் பழக்கம் இதனால் மேலைநாடுகளில் வேரூன்றியது.

தமிழ்நாட்டில் அவ்வழக்கம் பரவவில்லை. சேலைக்கும் வேட்டிக்கும் வெட்டு வடிவம் தேவையில்லை. ரவிக்கை, சட்டை போன்ற தைத்த ஆடைகளுக்குத் தையற்காரரின் கைப்பழக்கமும் வீட்டிலிருந்த பழைய ஆடையும் போதுமானவையாக இருந்தன. கல்கத்தாவின் ஜே இன்ஜினியரிங் நிறுவனம் 1930களில் உஷா தையல் இயந்திரங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பிற்காலத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு அரசு ஏழைப் பெண்களுக்கு இலவசத் தையல் இயந்திரங்களை வழங்கியது. வீட்டு வாசலிலேயே தைத்துக் கொடுக்கும் பெண்கள் பெருகியபோதும், அளவு ஆடை கொடுக்கும் வழக்கம் மாறவில்லை.

அளவு ஜாக்கெட்

சேலை ரவிக்கை உடலோடு ஒட்டி நிற்க வேண்டிய ஆடை. கால் அங்குலம் பிசகினாலும் தோள் இறங்கும், அல்லது கை தூக்க முடியாமல் பிடிக்கும். தையற்காரர்களில் பெரும்பாலோர் ஆண்களாக இருந்த காலத்தில், நாடா வைத்து உடலை அளக்கக் கொடுக்கப் பெண்கள் கூச்சப்பட்டனர். அளவு ஜாக்கெட் அந்தத் தேவையை நீக்கியது. கடைக்கு வர முடியாத முதியவருக்கும், வெளியூரில் உள்ள மகளுக்கும் அவர்கள் இல்லாமலே தைக்க முடிந்தது.

வடிவம் எடுக்கும்போது ஜாக்கெட்டை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, பழுப்புத் தாளின்மேல் விரிப்பர். முதுகுப்பக்கம் ஏறக்குறையத் தட்டையானது. நடுவில் மடித்து, தையல் கோட்டின்மேல் குண்டூசி அல்லது பற்சக்கரம் கொண்டு தாளில் குறி பதிக்கலாம். முன்பக்கம் கடினமானது. டாட் பிடித்த துணி குழிந்து நிற்பதால் ஒரே தடவையில் தட்டையாகாது. கழுத்திலிருந்து மார்பு வரை ஒரு பகுதியைப் படியவைத்துக் குறித்து, பிறகு அடுத்த பகுதிக்கு நகர வேண்டும். இரண்டு குறிப்புகளுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் டாட்டுக்குள் மறைந்திருந்த துணி. அதை விட்டுவிட்டால் புது ஜாக்கெட் மார்பில் இறுகும். நெய்த துணியின் நேர் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் தாளில் குறிக்க வேண்டும்; இழை மாறி வெட்டினால் அதே அளவு வேறு விதமாக அமரும்.

அளவு ஜாக்கெட்டின் பக்கவாட்டில் பல நேரம் இரண்டு, மூன்று தையல் கோடுகள் இருக்கும். உடல் பெருக்கும்போது பிரித்துவிட ஏதுவாக உள்ளே துணி விட்டுத் தைப்பதால் வரும் கோடுகள் இவை. எந்தத் தையலை அளவாகக் கொள்வது என்று தையற்காரர் கேட்டு உறுதி செய்ய வேண்டும். துவைத்துச் சுருங்கிய பருத்தியும், அணிந்து இழுபட்ட கழுத்தும் பொய்யான அளவைத் தரும். பழைய ஜாக்கெட்டில் இருந்த பிழையும் அளவோடு சேர்ந்து அடுத்தடுத்த ஜாக்கெட்டுகளுக்குப் போய்விடுகிறது.

முத்திரையிட்ட மாதிரி

ஆவடியில் 1961இல் நிறுவப்பட்ட படைத்துறை ஆடைத் தொழிற்சாலை முப்படையினருக்கான சீருடைகளைத் தயாரிக்கிறது. நாட்டின் 41 படைத்துறைத் தொழிற்சாலைகள் 2021 அக்டோபர் 1 அன்று ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்டின் பகுதியானது. தொழிற்சங்கங்கள் இந்த மாற்றத்தை எதிர்த்தன.

படைச் சீருடையில் அளவு ஆடைக்குச் சட்டத் தகுதி உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே பிரிட்டிஷ் படையில் ஒப்புதல் பெற்ற ஆடையொன்றில் அரக்கு முத்திரையிட்டுப் பாதுகாத்தனர். ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஆடைகளை அதனோடு ஒப்பிட்டு ஏற்றனர் அல்லது தள்ளினர். அந்த மரபின் சுவடு இந்தியப் பாதுகாப்புத் துறையின் தர உறுதி நடைமுறையில் இன்றும் தெரிகிறது: ஒரு பொருளின் வரைபடங்களையும் விவரக் குறிப்புகளையும் பேணும் அமைப்புக்கு ‘முத்திரையிட்ட விவரங்களைப் பேணும் அதிகாரம்’ என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. வீட்டு அளவு ஜாக்கெட் ஓர் உடலுக்குச் சான்று. முத்திரை மாதிரியோ யாருடைய உடலையும் சார்ந்ததன்று. தைப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே வரும் வழக்கைத் தீர்ப்பது அதன் வேலை.

ஏற்றுமதி மாதிரி

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. பொறியியல் உதிரிபாகங்களோடு ஆயத்த ஆடை ஏற்றுமதியும் இங்கு வளர்ந்தது. ஏற்றுமதித் தொழிலில் வெளிநாட்டு வாங்குநர் அனுப்பும் மாதிரி ஆடையிலிருந்து ‘பேட்டர்ன் மாஸ்டர்’ வடிவம் எடுப்பார். மாதிரிப் பிரிவில் தைத்த முதல் ஆடையை வாங்குநர் திருத்தி ஒப்புக்கொண்ட பிறகு, அதுவே ‘சீல் சாம்பிள்’ ஆகிறது. அந்த ஒரு வடிவத்தைப் பெருக்கியும் குறைத்தும் மற்ற அளவுகளை உண்டாக்குவது கிரேடிங். கெர்பர், லெக்ட்ரா போன்ற கணினி மென்பொருள்கள் வந்தபின் தாள் வடிவம் திரையில் ஏறியது. மாதிரியை மேசையில் விரித்து அளக்கும் முதல் வேலை இன்றும் கையால் நடக்கிறது.

நகலும் உரிமையும்

தன் சட்டையைப் பார்த்து இன்னொரு சட்டை தைத்துக்கொள்பவரை எவரும் தடுப்பதில்லை. வணிக அளவில் நகலெடுப்பது வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் 50 படிகளுக்கு மேல் உண்டாக்கினால் பதிப்புரிமை முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டப்படி பதிந்தால் 10 ஆண்டுகளும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகளும் பாதுகாப்புக் கிடைக்கும்.

இந்தியத் தரைப்படை தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கிய புதிய போர்ச் சீருடையை 2022 ஜனவரி 15 அன்று வெளியிட்டது. அதே ஆண்டில் அதன் வடிவமைப்பையும் பதிவு செய்தது. ஒரு சீருடையைப் பிரித்துப் பார்த்துத் தைக்கத் தெரிந்த எவரும் போலிச் சீருடையை விற்கலாம் என்ற அச்சமே இதற்குக் காரணம். குறித்த வடிவமைப்பின்படி தைக்கப் படையின் தையற்காரர்களுக்கும் வெளித் தையற்காரர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது.

அளவு அட்டவணை

ஆயத்த ஆடைகளின் அளவுகள் நெடுங்காலம் வெளிநாட்டு அட்டவணைகளைச் சார்ந்தே இருந்தன. இதை மாற்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்ற ஆய்வைத் தொடங்கியது. 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000க்கும் மேற்பட்டோரை முப்பரிமாணக் கருவியால் அளந்து இந்திய உடலமைப்புக்கான அட்டவணை உருவாக்குவது அதன் நோக்கம். கடையில் வாங்கும் சட்டைக்கும் சுடிதாருக்கும் அது உதவும். டாட்டும் கைவளைவும் ஒவ்வொருவருக்கும் மாறும் சேலை ரவிக்கையோ இன்றும் பெரும்பாலும் தனித்தனியாகவே தைக்கப்படுகிறது. அதற்கான துணியோடு அளவு ஜாக்கெட்டும் கடைக்குப் போகிறது.