ஐ.சி.எஸ். தேர்வின் நுழைவுத் தகுதிகளும் சென்னை மாகாணமும்

இந்தியக் குடிமைப் பணி (ஐ.சி.எஸ்.) என்பது பிரிட்டிஷ் இந்தியாவின் மிக உயர்ந்த நிர்வாகப் பணியாகும். மாவட்ட ஆட்சியர், மாவட்ட நீதிபதி, அரசுச் செயலாளர் போன்ற பதவிகளில் பெரும்பாலும் இப்பணியைச் சேர்ந்தவர்களே அமர்த்தப்பட்டனர். 1855 முதல் இதற்குப் போட்டித் தேர்வு வழியாக ஆள் எடுக்கப்பட்டது. இத்தேர்வின் விதிகளில் இந்தியர் எழுதக்கூடாது என்று எங்கும் சொல்லப்படவில்லை. மதம், பிறந்த இடம், வம்சம், நிறம் ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் கம்பெனிப் பதவியை மறுக்கக்கூடாது என்று 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின் 87ஆம் பிரிவு கூறியது. 1858இல் விக்டோரியா அரசியின் பிரகடனமும் ஏறக்குறைய இதே உறுதியை அளித்தது. ஆயினும் சென்னையில் பிறந்து சென்னையிலேயே படித்த ஒருவருக்கு இப்பதவிகள் நெடுங்காலம் எட்டாமலே இருந்தன. அதற்குக் காரணம் தகுதி விதிகளின் உட்பிரிவுகள். அவற்றுள் முதன்மையானது வயது வரம்பு.

போட்டித் தேர்வுக்கு முன்

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் நுழைவுத் தகுதி என்பது பரிந்துரைதான். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களில் ஒருவர் கை காட்டினால் இளைஞர் ஒருவர் 'ரைட்டர்' ஆகலாம். (இன்று காவல் நிலையத்தில் இருக்கும் ரைட்டரை இங்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பெனியின் ரைட்டர் சில ஆண்டுகளில் ஒரு மாவட்டத்தையே ஆளக்கூடியவர்.) அவர் கம்பெனியுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அதனால் இப்பணி 'உடன்படிக்கைப் பணி' எனப்பட்டது. 1793ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியப் பதவிகளை இவர்களுக்கென ஒதுக்கியது. 1806 முதல் இவர்கள் இங்கிலாந்திலுள்ள ஹெய்லிபரி கல்லூரியில் படித்துத் தேற வேண்டும் என்ற விதி வந்தது. மக்கள்தொகைக் கோட்பாட்டால் புகழ்பெற்ற மால்தஸ் அங்கு ஆசிரியராக இருந்தார்.

சென்னைக்கு வந்த ரைட்டர்களுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. 1812இல் எல்லிஸ் முன்முயற்சியில் தொடங்கப்பட்ட சென்னைக் கல்விச் சங்கத்தில், அதாவது புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில், அவர்கள் தென்னிந்திய மொழிகளைக் கற்றுத் தேர்வெழுத வேண்டும். தேர்ச்சிக்கு ஏற்ப ஊதியம் உயர்ந்தது. அக்கல்லூரியில் தமிழ் கற்பித்த தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரக் கதைகளை மராத்தியிலிருந்து தமிழில் பெயர்த்ததும் இம்மாணவர்களை மனத்தில் கொண்டுதான். தமிழ் உரைநடை வரலாற்றில் குறிப்பிடத்தக்க நூல் ஒன்று வெள்ளைக்கார அதிகாரிகளின் தகுதித் தேர்வால் பிறந்தது. நுங்கம்பாக்கத்தின் கல்லூரிச் சாலை இக்கல்லூரியின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

1855ஆம் ஆண்டுத் தேர்வுத் திட்டம்

1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இயக்குநர்களின் பரிந்துரை உரிமையை நீக்கியது. மெக்காலே தலைமையிலான குழு 1854இல் தேர்வுத் திட்டத்தை வகுத்தது. மொத்தம் 6,875 மதிப்பெண். ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1,500, கணிதத்துக்கு 1,000, கிரேக்கம், லத்தீன் ஒவ்வொன்றுக்கும் 750, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஒவ்வொன்றுக்கும் 375. சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375. தமிழ் இப்பட்டியலிலேயே இல்லை. தமிழ்நாட்டை ஆளப்போகிறவர் தேர்வில் வென்ற பிறகு தமிழ் படித்தால் போதும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கோ அந்த அறிவு ஒரு மதிப்பெண்ணும் ஈட்டித் தராது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தைப் பின்பற்றிப் படித்தவருக்கு ஏற்றாற்போல் அமைந்த பட்டியல் இது.

தேர்வெழுதுபவர் பிரிட்டிஷ் குடியாக இருக்க வேண்டும். பிறந்த தேதிக்கும் நன்னடத்தைக்கும் சான்று தர வேண்டும். உடல்நலச் சோதனையில் தேற வேண்டும். இவற்றோடு குதிரையேற்றமும் தெரிந்திருக்க வேண்டும். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது.

1863இல் வங்காளத்தைச் சேர்ந்த சத்தியேந்திரநாத் தாகூர் இத்தேர்வில் வென்ற முதல் இந்தியரானார். அவருடன் சென்ற மன்மோகன் கோஷ் இருமுறை எழுதியும் தேறவில்லை.

சுருங்கிய வயது

முதலில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்கள் எழுதலாம் என்று இருந்தது. சில ஆண்டுகளிலேயே மேல்வரம்பு 22 ஆயிற்று. 1866இல் அது 21 ஆகக் குறைந்தது. இந்திய அமைச்சர் சால்ஸ்பரி காலத்தில் எடுக்கப்பட்ட முடிவின்படி 1878 முதல் 17 முதல் 19 வரை என்றானது.

இந்தக் கடைசி மாற்றத்தின் பொருளைச் சென்னை மாணவர் ஒருவரின் நிலையிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். மெட்ரிகுலேஷன், எஃப்.ஏ., பி.ஏ. என்று படிப்படியாக மாநிலக் கல்லூரியிலோ கிறித்தவக் கல்லூரியிலோ படித்துப் பட்டம் பெறும்போது வயது 20ஐத் தொட்டுவிடும். அதற்குள் வாசல் மூடியிருக்கும். இங்கே பட்டம் பெற்றுவிட்டு லண்டனுக்குப் போவது என்ற வழியே இல்லாமல் போனது. 14, 15 வயதிலேயே, அல்லது அதற்கும் முன்பே, பிள்ளையைக் கடல் கடந்து அனுப்பி ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கக்கூடிய குடும்பத்துக்கு மட்டுமே ஐ.சி.எஸ். சாத்தியம். அரவிந்தர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அவர் தந்தை அவரை 7 வயதில் இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்று விட்டுவந்தார். 1890இல் அவர் எழுத்துத் தேர்வில் தேறினார். ஆனால் குதிரையேற்றச் சோதனைக்குப் போகாததால் பணி கிடைக்கவில்லை. பின்னாளில் புதுச்சேரிக்கு வந்தவர் அவர்தான். அவருக்கு அந்தப் பணியில் விருப்பம் இருக்கவில்லை என்பதும் உண்மை.

வயதைக் கணக்கிடும் முறையும் சிக்கலை உண்டாக்கியது. 'பிள்ளைக்குப் பதினாறு நடக்கிறது' என்று நம் வீடுகளில் சொன்னால் பதினைந்து முடிந்திருக்கிறது என்று பொருள். இந்த நடப்பு வயதுக் கணக்கு வங்காளத்திலும் உண்டு. 1869இல் தேர்வில் வென்ற சுரேந்திரநாத் பானர்ஜி தம் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின்போது வயதை இப்படித்தான் குறிப்பிட்டிருந்தார். அதை ஆங்கிலக் கணக்காக எடுத்துக்கொண்ட தேர்வு ஆணையர்கள் அவர் வயது வரம்பைக் கடந்துவிட்டதாகக் கூறி அவர் பெயரை நீக்கினர். பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூருக்கும் இதே கதி நேர்ந்தது. சுரேந்திரநாத் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடித் தம் இடத்தை மீட்டார்.

கடல் என்னும் தகுதி

கொடுங்கையூர் அன்று சென்னை நகர எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கிராமம். அங்கிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அந்தக் கோட்டையில் உயர் அதிகாரியாக விரும்புகிறவர் லண்டனுக்குப் போய்த் தேர்வெழுத வேண்டும். துறைமுகச் சுவர்கள் எழும்புவதற்கு முன் கப்பல்கள் கரைக்கு வர இயலாது. மசூலா படகில் அலைகளைக் கடந்து போய் ஏற வேண்டும். பயணம் பல வாரங்கள். கட்டணம், லண்டனில் தங்கும் செலவு, தோற்றால் எல்லாம் வீண் என்ற அச்சம். உயர்சாதி இந்துக்களுக்குக் கடல் கடந்தால் சாதிவிலக்கு என்ற தடையும் இருந்தது.

உடல்நலம் இடம் கொடுக்காதவருக்கும் வழியில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் இங்கிலாந்தின் தட்பவெப்பத்தைத் தாங்கமாட்டார் என்று மருத்துவ அதிகாரி கூறிவிட்டார். எனவே அவர் இந்தியாவிலேயே நடந்த நிதித்துறைத் தேர்வை எழுதி, 1907இல் 18 வயதில் கல்கத்தாவில் உதவிக் கணக்காயர் ஆனார்.

கடலுக்கு அப்பால் இருந்த தமிழருக்கும் இதே பாதைதான். கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த பொன்னம்பலம் அருணாசலம் 1875இல் போட்டித் தேர்வு வழியாக இலங்கைக் குடிமைப் பணியில் நுழைந்த முதல் இலங்கையர் ஆனார்.

பக்கவாட்டு வழிகள்

உள்ளூரில் படித்தவர்களுக்கு உடன்படிக்கை இல்லாத கீழ்நிலைப் பணிகள் திறந்திருந்தன: தாசில்தார், முன்சீப், துணை ஆட்சியர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றியது இவ்வகையில்தான். மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளராகத் தொடங்கிய தி. முத்துசாமி ஐயர் 1878இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் இதை எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்லவே அதே ஆண்டு 'தி இந்து' தொடங்கப்பட்டது.

1879இல் லிட்டன் பிரபு நியமன முறை ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல குடும்பமும் சமூக மதிப்பும் உடைய இந்திய இளைஞர்களை மாகாண அரசே பரிந்துரைக்கும். பதவிகளில் ஆறில் ஒரு பங்கு வரை இவ்வாறு நிரப்பலாம். பிற்காலத்தில் திருவிதாங்கூர் திவானான பி. ராஜகோபாலாச்சாரி இவ்வழியில் நுழைந்தவர். போட்டியில் வென்றவருக்குக் கிடைத்த மதிப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஐட்சிசன் ஆணையத்தின் பரிந்துரைப்படி இம்முறை கைவிடப்பட்டு மாகாணக் குடிமைப் பணி உருவாயிற்று.

1885இல் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடே லண்டனிலும் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் தேர்வு நடத்த வேண்டும், வயது வரம்பை 23 ஆக்க வேண்டும் என்று கேட்டது. இரண்டாவது கோரிக்கை 1892இல் நிறைவேறியது: 21 முதல் 23 வரை. 1906இல் 22 முதல் 24 என்றாயிற்று. இனி இங்கே பி.ஏ. முடித்துவிட்டுக் கப்பலேறலாம். முதல் கோரிக்கையை 1893இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பொதுச் சபை தீர்மானமாகவே நிறைவேற்றியது. இந்தியாவின் மாகாண அரசுகளில் சென்னை மட்டுமே அதை ஆதரித்தது. இந்திய அரசு எதிர்த்ததால் அது கிடப்பில் போடப்பட்டது.

தேர்வு யாருக்குத் திறந்தது?

உள்ளூர்க்காரர் நுழைந்தால் போதுமா, எந்த உள்ளூர்க்காரர் என்ற கேள்வி சென்னையில்தான் மிகக் கூர்மையாக எழுந்தது. இஸ்லிங்டன் ஆணையம் 1913இல் சாட்சியம் கேட்டபோது அலெக்சாண்டர் கார்டியூ சில எண்களை முன்வைத்தார். மாகாணத்தின் 140 துணை ஆட்சியர்களில் 77 பேர் பிராமணர். 128 மாவட்ட முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான். வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர் 1916 டிசம்பரில் வெளியிட்ட பிராமணர் அல்லாதார் அறிக்கை இவ்வெண்களை எடுத்தாண்டது. ஆங்கிலக் கல்வியை முன்பே பெற்றவருக்குத் தேர்வு எளிது. பெறாதவருக்கு அது நடுநிலையான போட்டியே இல்லை என்பது நீதிக்கட்சியின் வாதம். லண்டனை நோக்கி இந்தியர்கள் வைத்த வாதமும் ஏறக்குறைய இதுவே. ஆனால் உடனடித் தேர்வு கேட்ட தலைவர்கள் பலர் இந்த ஒற்றுமையைக் காண விரும்பவில்லை.

நீதிக்கட்சி அரசு 1921இல் முதல் வகுப்புவாரி அரசாணையைப் பிறப்பித்தது. 1922 பிப்ரவரியில் அலகாபாத்தில் முதன்முதலாக இந்திய மண்ணில் ஐ.சி.எஸ். தேர்வு நடந்தது. 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. மாகாண அளவில் இந்தியாவில் தோன்றிய முதல் தேர்வாணையம் அதுவே. இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் தொடர்ச்சி. ஐ.சி.எஸ்.ஸுக்குக் கடைசியாக 1943இல் ஆள் எடுக்கப்பட்டது.