வைப்பர்: பழுதுகளின் வழியே ஒரு வரலாறு

ஒரு கருவியின் வரலாற்றை அதனைக் கண்டுபிடித்தவர்களைக் கொண்டு எழுதுவதே வழக்கம். அது பழுதாகும் விதங்களைக் கொண்டும் எழுதலாம். வண்டியின் முன்கண்ணாடியில் மழைநீரைத் துடைக்கும் வைப்பர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்னும் பெண்மணி, நியூயார்க்கில் பனி பெய்த நாளொன்றில் டிராம் ஓட்டுநர் படும் பாட்டைக் கண்டார். உள்ளிருந்தே கைப்பிடியை இழுத்தால் வெளியே ரப்பர் பட்டை கண்ணாடியைத் துடைக்கும் அமைப்பிற்கு 1903 நவம்பர் 10 அன்று காப்புரிமை பெற்றார். விருதுபட்டியில் காமராசர் பிறந்ததும் அவ்வாண்டில்தான். 1920இல் காப்புரிமை காலாவதியாயிற்று. அதனால் அவருக்கு வருவாய் ஏதும் கிட்டவில்லை. அந்த வைப்பரின் குறை வெளிப்படையானது: ஓட்டுநரின் கை ஓய்ந்தால் அதுவும் ஓயும்.

அடுத்து வந்தது எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இயங்கும் வைப்பர். மேட்டில் ஏறுவதற்கு ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அவ்விசை குறைந்துவிடும். வைப்பர் தளர்ந்து நின்றுவிடும். வேண்டும் பொழுதில் கைவிடுவதே அதன் இயல்பாக இருந்தது.

மின்மோட்டார் இச்சிக்கலைத் தீர்த்தது. மதுரையில் 1911இல் தோன்றிய டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் இணைந்து, காமராசர் முதல்வராயிருந்த 1961இல், லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைப் பாடியில் உள்ள அதன் ஆலை ஸ்டார்ட்டர், வைப்பர் மோட்டார் போன்றவற்றைச் செய்கிறது.

மின்மோட்டாரோடு புதிய பழுதுகளும் வந்தன. நம் கந்தகபூமியில் அவற்றின் தாய், மழையன்று, மழையின்மையே. எந்த வறட்சியை நம்பித் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கு வேரூன்றினவோ, அதே வறட்சி வைப்பரைக் கெடுக்கிறது. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்து ரப்பர் இறுகுகிறது. பல்சக்கரத்தின் கிரீஸ் கெட்டிப்படுகிறது. இணைப்புத் தண்டின் மூட்டுகளில் புழுதி அடைகிறது. வடகிழக்குப் பருவமழையோ தீபாவளியை ஒட்டி வருகிறது. சரக்கேற்றிய லாரிகள் சாலையில் நிற்கும் அந்நாளில்தான் ஓட்டுநர் வைப்பரின் நினைவு கொள்கிறார்.

பழுதை அறியச் செவியே முதற்கருவி. மோட்டார் ஓடும் ஓசை கேட்டும் கை அசையவில்லையெனில், கையின் அடியிலுள்ள நட்டு தளர்ந்திருக்கலாம். இணைப்புத் தண்டு கழன்றிருக்கலாம். கண்ணாடியின் நடுவே நின்றுவிட்டால், கையை உரிய இடத்தில் கொண்டு நிறுத்தும் உட்சுவிட்சை ஐயுறலாம். ஓசையே இல்லையெனில் ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, எர்த் இணைப்பு, இறுதியில் மோட்டார் என வரிசையாகப் பார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஃபியூஸ் எரிவது நோயன்று, நோயின் அறிகுறி. இறுகிப்போன தண்டை இழுக்க முயலும் மோட்டார் மிகுந்த மின்சாரத்தை இழுக்கிறது. ஃபியூஸ் எரிந்து வயரைக் காக்கிறது. அவசரத்தில் அவ்விடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம் பல ஊர்களிலும் உண்டு. அடுத்த முறை எரிவது வயராகவே இருக்கும். பின்னால் பட்டாசுப் பெட்டிகள் இருக்கும் வண்டியில் அதன் பொருள் என்ன என்பதை இவ்வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

மருந்து எளியது. அதே ஆம்பியர் அளவுள்ள ஃபியூஸையே இடுதல். அதற்குமுன் தண்டைக் கழற்றித் துடைத்து எண்ணெயிடுதல். வெடித்த ரப்பரை மாற்றுதல். உலர்ந்த கண்ணாடியில் ஓடவிடாது, நீர் தெளித்து மாதம் ஒருமுறையேனும் இயக்குதல். இவற்றை ஐப்பசிக்கு முன்னரே, வானம் வெளிறிக் கிடக்கும் ஆவணியில் செய்துவிடுதல் நலம்.