ஹார்வி ஹாடிக்ஸ் ஆட்டம் (1959)

அமெரிக்காவின் மில்வாக்கி கவுன்டி ஸ்டேடியத்தில் 1959 மே 26 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், மில்வாக்கி பிரேவ்ஸ் அணிகள் மோதிய பேஸ்பால் ஆட்டம். மில்வாக்கி 1–0 என வென்றது.

ஸ்கோர் அட்டையை மட்டும் பார்ப்பவருக்கு வென்றது யார் என்றே குழப்பம் வரும்: பிட்ஸ்பர்க் 12 ஹிட், ரன் இல்லை, மில்வாக்கி ஒரே ஹிட், ஒரு ரன். பிட்ஸ்பர்க்கின் இடக்கைப் பிட்சர் ஹாடிக்ஸ், 12 இன்னிங்ஸில் எதிர்கொண்ட 36 பேரையும் வரிசையாக வெளியேற்றினார். 13ஆவது இன்னிங்ஸில் பிட்ஸ்பர்க் வீரர் டான் ஹோக்கின் தவறான வீச்சால் மில்வாக்கியின் ஃபெலிக்ஸ் மன்டியா முதல் பேஸை எட்டினார். எடி மாத்யூஸின் பன்ட் அவரை இரண்டாவது பேஸுக்கு நகர்த்தியது. ஹாங்க் ஏரனை வேண்டுமென்றே நடக்க விட்டார்கள். அடுத்து ஜோ அட்காக் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. ஆனால் ஏரன் பாதியில் ஓட்டத்தை விட்டுவிட, அட்காக் அவரை முந்திவிட்டார். ஹோம் ரன் 'டபுள்' ஆகச் சுருங்கியது. மூன்று ரன்னுக்குப் பதில் ஒன்றுதான் ஏட்டில் ஏறியது.

மில்வாக்கியின் லூ பர்டெட் 13 இன்னிங்ஸும் தானே வீசி ஒரு ரன்கூடத் தரவில்லை. அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பது அநியாயம்தான்.

1991இல் விதியை இறுக்கிய மேஜர் லீக் பேஸ்பால், இந்த ஆட்டத்தை 'பெர்ஃபெக்ட் கேம்' (கடைசி வரை எதிரணியில் ஒருவரைக்கூடப் பேஸை எட்டவிடாத ஆட்டம்) பட்டியலில் சேர்ப்பதில்லை.