பத்துப் போன்சாய் இருந்தால்தான் அந்த ஊரில் குடியிருக்கலாம்

சங்கப் பொதுக்கூட்டம் என்றால் மூன்று பேச்சுகள் வராமல் இருக்காது: மதில் எவ்வளவு உயரம், கேட்டை எப்போது பூட்டுவது, மாடியில் இன்னொரு தளம் எழுப்பலாமா. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் ஒரு குடியிருப்புக்காரர்கள் இதே மூன்றுக்கும் விதி எழுதினார்கள். எல்லாம் தொட்டியில் வளரும் மரங்களுக்காக.

1923 செப்டம்பர் 1, மதியம் 12 மணி ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது டோக்கியோ வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. வீடுகளில் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். பெரும்பாலும் மரவீடுகள். தீ பரவி, ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இறந்தார்கள். நகருக்குள் தலைமுறை தலைமுறையாகப் போன்சாய் வளர்த்து விற்றுவந்த தோட்டக்காரர்களும் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் சிலர், நல்ல மண்ணும் தண்ணீரும் இடவசதியும் தேடி, 1925இல் டோக்கியோவுக்கு வடக்கே ஓமியாவில் குடியேறினார்கள்.

1928இல் அவர்கள் சங்கம் அமைத்து நான்கு விதிகளை வகுத்தார்கள். இங்கே குடிவருபவர் குறைந்தது 10 போன்சாயாவது வைத்திருக்க வேண்டும். பார்க்க வரும் எவருக்கும் வாசல் திறந்திருக்க வேண்டும். மாடி வீடு கட்டக் கூடாது. சுற்றுச்சுவருக்குப் பதில் செடிவேலிதான் இருக்க வேண்டும்.

போன்சாய் எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் இந்த விதிகளின் அருமை புரியும். பலரும் நினைப்பதுபோல் அது குட்டையாகவே பிறந்த ஜாதி அல்ல. காட்டில் ஓங்கி வளரும் அதே பைன், அதே மேப்பிள்தான். ஆழமில்லாத தொட்டியில் வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேரைக் கத்தரித்து மண் மாற்றி, கிளைகளைக் கம்பி சுற்றி வளைத்துச் சிறிதாகவே வைத்திருக்கிறார்கள். வரவேற்பறை அலங்காரப் பொருளாக வைத்தால் நாளடைவில் நலிந்துவிடும். வெயிலும் காற்றும் வேண்டும். பக்கத்து வீட்டில் மாடி எழும்பினால் வெயில் குறையும். உயரமான சுவர் காற்றை மறிக்கும். தொட்டியில் மண் கொஞ்சம்தான் என்பதால், கோடையில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலே மரம் காய்ந்துபோகலாம். நூறு வருட மரத்தை இழக்க ஒரு வாரக் கவனக்குறைவு போதும்.

1930களில் அங்கே சுமார் 30 தோட்டங்கள் இருந்தன. பிறகு போர் வந்தது. போன்சாய் வளர்ப்பது ஆடம்பரம் என்று பார்க்கப்பட்டது. ஆட்கள் போருக்குப் போனார்கள். பல தோட்டங்கள் மூடப்பட்டன. கியூசோ முராதா போன்ற சிலர் விடாமல் மரங்களைக் காப்பாற்றினார்கள். போர் முடிந்ததும், நேற்றுவரை எதிரிகளாக இருந்த அமெரிக்கர்கள் அதே தோட்டங்களுக்கு வந்து போன்சாயை ரசித்தார்கள். முதல் உலகப் போன்சாய் மாநாடு 1989இல் ஓமியாவில்தான் நடந்தது. 2010இல் அங்கே போன்சாய்க்கென்றே ஓர் அரசு அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இன்று அந்தப் பகுதியின் முகவரிப் பெயரே 'போன்சாய்ச்சோ', அதாவது போன்சாய் நகர். ஆனால் தோட்டங்கள் மிகச் சிலவாகக் குறைந்துவிட்டன. பழைய விதிகளும் இப்போது யாரையும் கட்டுப்படுத்துவதில்லை. மாடி வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும் மே மாதத் தொடக்கத்தில் நடக்கும் போன்சாய்த் திருவிழாவின்போது தெருவெல்லாம் தொட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

நம் அடுக்குமாடியில் மாடிக்குத் தடை போட முடியாது. பத்து மரம் வை என்று யாரையும் சொல்லவும் முடியாது. ஆனால் வெயில் விழும் பால்கனி இருந்தால் ஆல், அரசு, இச்சி போன்றவற்றை நம் ஊர் வெப்பத்திலேயே போன்சாயாக வளர்க்கலாம். ஒரு மரத்தை ஒரு வீடு மட்டும் காப்பாற்றிவிட முடியாது என்பதை ஓமியாக்காரர்கள் அறிந்திருந்தார்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள், தொட்டிகளை எதிர்வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பொறுப்பேற்பவர்கள் தினமும் காலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் போதும்.