சிறைக்குள் ஒரு கவுன்சில் கூட்டம்

கிழக்கு லண்டனில் கப்பல் துறைகளை ஒட்டியது போப்லர். 1921இல் அங்கே திரும்பிய பக்கமெல்லாம் வேலையில்லாதவர்கள். ஒரு பகுதியின் ஏழைகளுக்கான நிவாரணத்தை அந்தப் பகுதி வீட்டு வரியிலிருந்தே கொடுக்க வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. வரி ரசீது எழுதியே காலம் தள்ளிய எனக்கு இதன் கோணல் உடனே புரிகிறது. கை நீட்டுபவர்கள் நிறைந்த போப்லரில் வரி போட ஒண்டுக் குடித்தனங்கள்தான் இருந்தன. மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரிலோ கை நீட்டுபவர்கள் குறைவு.

போப்லர் கவுன்சிலர் ஜார்ஜ் லான்ஸ்பரியும் சக கவுன்சிலர்களும் துணிந்தார்கள். வீட்டு வரியில் லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கும் போலீசுக்கும் சேர வேண்டிய பங்கை வசூலிக்கவே மறுத்தார்கள். கோர்ட் அழைத்தது. ஜூலை 29 அன்று, செங்கோல் தாங்கி முன்னே நடக்க, ஊர்வலமாகவே போனார்கள். செப்டம்பரில் 30 பேருக்குச் சிறை: ஆண்கள் பிரிக்ஸ்டனில், பெண்கள் ஐவர் ஹாலோவேயில். அந்த ஐவரில் நெல்லி கிரெஸால் கர்ப்பிணி.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. கவுன்சில் கூட்டம் பிரிக்ஸ்டன் சிறையிலேயே கூடியது! பெண் உறுப்பினர்களை ஹாலோவேயிலிருந்து வண்டியில் அழைத்து வந்தார்கள். கைதிகள் கூட்டம் போட, சர்க்காரே வாகன வசதி செய்த கதை வேறெங்கும் நான் படித்ததில்லை.

அக்டோபர் 12 விடுதலை. நிவாரணச் செலவை லண்டன் முழுவதும் பகிரும் சட்டம் அதே ஆண்டே வந்தது. சிறை சென்ற மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், 1922 பிறந்த கையோடு 32 வயதில் இறந்தார். தொழிற்கட்சியின் ஹெர்பர்ட் மாரிசனுக்கு இந்தச் சட்டமீறல் கடைசிவரை உவப்பில்லை. லான்ஸ்பரியோ 1932இல் அதே கட்சியின் தலைவரானார்.