டேரா போட்ட கதை: கித்தானா, நைலானா?



சாரணர் பொறுப்பாசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் கேட்டார்: "சார், பள்ளிக்குக் கூடாரம் வாங்கணும். கித்தானா, நைலானா?" வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே பதிலாக வரும்!

வந்தவர் கிளம்பாமல் தங்கிவிட்டால் 'டேரா போட்டுட்டார்' என்கிறோம். மராத்தியில் டேரா என்றால் கூடாரம். நம் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1820இல் காசி யாத்திரை புறப்பட்டபோது உடன் சென்றவர்கள் சுமார் 3,000 பேர். வழிநெடுக முகாம்தான். பிறகு வந்த வெள்ளைக்காரக் கலெக்டர்களும் கூடாரத்தோடுதான் ஊர் ஊராகச் சுற்றினார்கள். எல்லாம் கெட்டித் துணி, நல்ல கனம். ஆனால் சுமக்க வண்டியும் மாடும் இருந்தன. காயப்போட ஆளும் இருந்தார்கள்.

நைலான் 1935இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் கண்டது. இரண்டாம் உலகப்போரில் பாராசூட் ஆயிற்று. பிறகு, தன் சுமையைத் தானே முதுகில் தூக்கிப் போகிறவருக்குக் கூடாரமும் ஆயிற்று.

இரண்டின் குணமும் வேறு. கித்தான் நனைந்தால் பருத்தி இழை பருத்து, நெசவின் கண்கள் அடைபடும். தண்ணீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் காற்றோட்டம் உண்டு. ஆனால் ஈரத்தோடு மடித்தால் தொலைந்தது. ஒரு ஐப்பசி முகாம் முடிந்து நான் அப்படித்தான் அவசரமாக மடித்து வைத்தேன். பொங்கலுக்குப் பிறகு பிரித்தால் கறுப்புப் பூஞ்சை. விரல் பட்ட இடமெல்லாம் கிழிந்தது. தப்பு துணியுடையதல்ல, என்னுடையது.

நைலான் பூஞ்சைக்கு மசியாது, சீக்கிரம் உலரும். ஆனால் வெயிலில் நாள்பட நைந்துபோகும், உள்ளே புழுங்கும், நம் மூச்சின் ஈரமே விடியற்காலையில் கூரையிலிருந்து சொட்டும். தீப்பொறி பட்டால் உருகி ஓட்டை விழும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது நினைவிருக்கும். மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்ட ஊர்களுக்குத் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் போய்ச் சேர்ந்தது நைலானின் உறவான பிளாஸ்டிக் தார்ப்பாய்தான். கனமான கித்தான் அன்று போயிருக்க முடியாது. ஆனால் அந்தத் தார்ப்பாயின் அடியில் வாரக்கணக்கில் குடியிருந்தவர்களுக்குத்தான் பகல் புழுக்கம் என்னவென்று தெரியும்.

ஆகவே தம்பி, கடைக்காரரைக் கேட்குமுன் இரண்டு கேள்வியை உங்களையே கேளுங்கள்: யார் சுமப்பது? எங்கே காயப்போடுவது? தை, மாசியில் ஒரே திடலில் ஒரு வாரம் முகாம், கொண்டுபோக வண்டி, பள்ளியில் காற்றோட்டமான அறை இருக்கிறதென்றால் கித்தான். பிள்ளைகளே தூக்கி நடக்க வேண்டும், அடைமழைக் காலத்திலும் வேண்டும் என்றால் நைலான். அதையும் நிழலில் போடுங்கள், இருபுறமும் காற்றுக்கு வழி விடுங்கள், அடுப்பைத் தள்ளி வையுங்கள்.

எதை வாங்கினாலும், காயவைத்து மடிக்கப் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுங்கள். நான் மறந்த பாடம் அது.

வாழ்க வளமுடன்.